கழுத்தைத் தாண்டிப்போன கை

தாமரை இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு என் முன்னால் நின்றாள். கொண்டையை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் பார்த்தேன். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கச் சொன்னேன். அப்புறம் தோள், கை, இடுப்பு, புடவை மடிப்பு, பாவாடை விளிம்பு, செருப்பு. எல்லாம் ஒழுங்காக முடிந்தது என்ற பெருமையில், "சோதனை முடிந்தது, உள்ளே போகலாம்" என்று மலையாளத்தில் ஒரு தடவையும் தமிழில் ஒரு தடவையும் சொன்னேன். எல்லைப் பக்கத்துச் சிறைகளுக்கு வார்டர் வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு மொழியிலும் சொல்லியாக வேண்டும்.

மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எங்கள் பயிற்சியாளர் ஜெசிந்தா மேடம், தாமரையை விரலால் கூப்பிட்டார். தாமரை என்னை ஒரு பாவமான பார்வை பார்த்தாள். பிறகு ரவிக்கைக்குள்ளிருந்து மஞ்சள் கயிற்றை வெளியே எடுத்து, தாலிக்குப் பின்னால் மெழுகு வைத்து ஒட்டியிருந்த சிம் கார்டைப் பிய்த்து மேசைமேல் வைத்தாள்.

அவ்வளவுதான். நான் ஃபெயில்.

சென்ற வாரம் இந்தத் தொடரில் அணிவகுப்பு பூட்ஸ் என் குதிகாலைக் கடித்த கதையை எழுதியிருந்தேன். நல்லேப்பிள்ளியிலிருந்து ஒரு வாசகி கூப்பிட்டு, "ஏனுங்க, பயிற்சி பயிற்சின்னு சொல்றீங்க, பூட்ஸும் சாப்பாடுமே வருதே, ஜெயில் எப்பத்தான் வருமுங்க?" என்று கேட்டார். இதோ வந்துவிட்டது அம்மணி. கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டு இடம்

சிறைக்கு வரும் பெண்களை, அவர்கள் கைதியானாலும் சரி, கைதியைப் பார்க்க வந்த உறவானாலும் சரி, பெண் அதிகாரிதான் சோதிக்க வேண்டும். ஒரு துணித்திரைக்குப் பின்னால் நடக்கும். ஆண்கள் அந்தப் பக்கமே வரக்கூடாது. அதற்கு ஒரு வரிசை உண்டு. முடி, காது, வாய், கழுத்து, தோள், இடுப்பு, மடி, கால். இந்த வரிசையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். குளிக்கும்போது இதே வரிசையில் சோப்புப் போட ஆரம்பித்துவிட்டேன் என்று என் அறைத்தோழி ஷீஜா கேலி செய்வாள்.

அப்படி மனப்பாடமாக இருந்த வரிசையில், கழுத்து மட்டும் எப்படி நழுவியது?

தாமரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி மையத்துக் கேன்டீனில் சமையல் வேலை. கணவருக்கு வாளையாரில் லாரி டயர் பஞ்சர் ஒட்டும் கடை. தமிழ்க்காரி, வாய் ஓயாதவள். தேர்வு நாட்களில் அவள்தான் எங்களுக்கு 'பார்வையாளர்'. எங்கேயாவது ஒன்றை ஒளித்துக்கொண்டு வருவாள், நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். பதினைந்து நாள் குழம்பு ஊற்றியவளே எதிரே திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றால் யாருக்கும் சிரிப்பு வரும். சிரித்தால் மதிப்பெண் குறையும்.

"கழுத்த ஏன் விட்டே?" என்று ஜெசிந்தா மேடம் கேட்டார். வகுப்பில் மலையாளம்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வந்துவிடும்.

"மறந்துட்டனுங்க மேடம்."

"மறக்கல. ஒன் கை காதுல இருந்து எறங்கி வந்துச்சு, கழுத்துகிட்ட நின்னுச்சு, அப்புறம் தோளுக்குத் தாவிருச்சு. நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

அறை முழுக்க என் குழுப் பெண்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னால் காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தட்டு எடுத்த வளைவு

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

என் வீடு பாலக்காட்டில் பெருமாட்டிப் பக்கம், தென்னந்தோப்புக்கு நடுவில். கல்யாணமாகி இரண்டாவது வருடம் என் கணவர் விபத்தில் போய்விட்டார். பைக்கில் போனவர் திரும்பி வரவில்லை. இதற்குமேல் அதைப் பற்றி எழுத மாட்டேன், இந்தத் தொடரின் முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம் என் தம்பி கல்யாணம் வந்தது. நானே ஓடியாடி வேலை செய்தேன். பந்தலுக்கு ஆள் பிடித்தது நான், சமையல்காரரிடம் சண்டை போட்டது நான். முகூர்த்த நேரத்தில் தாலியை ஒரு தட்டில், தேங்காய்மேல் வைத்து, சபையில் எல்லோரும் தொட்டுக் கும்பிட எடுத்து வருவார்கள் இல்லையா? என் சித்தி மகள் எடுத்து வந்தாள். ஒவ்வொருவராகத் தொட்டார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் தொட்டார். என்னிடம் வந்ததும் தட்டு ஒரு வளைவு எடுத்தது. பள்ளத்தைப் பார்த்து வண்டி ஒதுங்கும் பாருங்கள், அப்படி. அந்தப் பக்கம் இருந்த ஆளிடம் போய் நின்றது.

யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை வேண்டுமென்று செய்தாள் என்றுகூட நான் நினைக்கவில்லை. ஆனால் நீட்டிய கையை நான் மடக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு வந்த கோபம் இன்றைக்கும் எனக்கு இருக்கிறது, மறைப்பதற்கில்லை.

இந்த மூடத்தனத்தை நான் நம்புகிறேனா? ஒரு துளிகூட இல்லை. பொட்டு வைப்பேன், பூ வைப்பேன், பேசுகிறவர்களை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பேன். ஆனால் கல்யாணமான எந்தப் பெண்ணுடைய கழுத்துக் கயிற்றையும் அதற்குப் பிறகு என் கை தொட்டதில்லை. தற்செயலாகக்கூட இல்லை. வாய் நம்பாததைக் கை நம்பிக்கொண்டிருந்திருக்கிறது. தேர்வறையில்தான் எனக்கே அது தெரிந்தது.

சலுகை

சாயங்காலம் அணிவகுப்பு மைதானத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரத்தில் மறுதேர்வு. அதிலும் தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு வயது வரம்பின் விளிம்பில் கிடைத்த வேலை இது, இன்னொரு தடவை எழுத வழியில்லை. வீடு என்றால் தம்பி வீடு. தேங்காய் குவித்திருக்கும் அறைக்கு அடுத்த அறை. அங்கே திரும்பிப் போவதாக இல்லை.

ஜெசிந்தா மேடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இடுக்கியில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவர். அப்பா ஃபேக்டரியில், அம்மா கொழுந்து எடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போகாமல் அவருக்கு வாரம் தொடங்காது. விறைப்பானவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்ததே எனக்குப் பயமாக இருந்தது.

"சுகுணா, ஒன் வெவரம் எனக்குத் தெரியும்" என்றார். "எஸ்டேட்டு லயத்து வீட்டுலயும் இந்தக் கூத்தெல்லாம் உண்டு. அதனால ஒண்ணு சொல்லுதேன், மறுதேர்வுல ஒனக்குக் கல்யாணம் ஆகாத பிள்ளையா அனுப்பி வைக்கேன். கழுத்துல ஒரு பாசிமணி கெடக்கும். பாத்துட்டுப் பாஸாகிப் போயிரு."

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது.

"வேண்டாமுங்க மேடம்."

"ஏன் வேண்டாங்கே?"

"இங்க பாசிமணி அனுப்புவீங்க. நாளைக்கு ஜெயில் கேட்டுல யாருங்க அனுப்புவாங்க? அங்க வர்றதெல்லாம் தாலி போட்டவுங்கதான். ஒவ்வொருத்தர் வர்றப்பவும் 'நான் தொடமாட்டேன், வேற ஆளக் கூப்பிடுங்க'ன்னு நிக்கறதுக்கா இந்த யூனிபாரமு? என்னைய ஒதுக்கி ஒதுக்கி வெச்சது போதுமுங்க. நீங்களும் ஒதுக்காதீங்க."

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. அதிகாரியிடம் பேசுகிற பேச்சா அது? ஜெசிந்தா மேடம் எழுந்து பாவாடையைத் தட்டுவதுபோல் சீருடைக் காற்சட்டையைத் தட்டிக்கொண்டார்.

"சரி. அப்போ தாமரையே வருவா" என்றார். "பிரின்சிபல் மேடமும் ஒக்காந்து பாப்பாக. அழுதுக்கிட்டு எங்கிட்ட வராத."

புத்தகத்தைப் புரட்டுவது யார்?

அடுத்த நாள் வகுப்பில் மதப் பொருட்களைச் சோதிக்கும் பாடம். பைபிள், குர்ஆன், விபூதிப் பொட்டலம், ஜெபமாலை என்று கைதிகளுக்கு வரும் பொருட்கள் பல. இவற்றில் அதிகாரி சட்டென்று கை வைத்துவிடக்கூடாது, சிறைக்குள் கலவரமே வந்துவிடும். வேதப்புத்தகம் என்றால் கொண்டுவந்தவரையே பிடித்துக்கொள்ளச் சொல்லி, அவரையே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டச் சொல்லி, அட்டையை விரித்துக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். கை அவருடையது, கண் நம்முடையது.

நான் இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். ஷீஜா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

அன்று மதியம் உணவு இடைவேளையில் அறைக்கு ஓடி ஷீஜாவை நிற்கவைத்தேன். அவள் திருச்சூர்க்காரி, கல்யாணமானவள், கழுத்தில் தங்கச் சங்கிலியில் ஆலிலைத் தாலி. "முதலில் உள்ளங்கையைக் காட்டு. விரலை விரி. இப்போது சங்கிலியை வெளியே எடு. கட்டை விரலும் சுட்டுவிரலும் மட்டும் வைத்து, கொக்கியில் தொடங்கி மெதுவாக உருவிக்கொண்டே வா. தாலியைத் திருப்பிக் காட்டு" என்றேன். அவள் செய்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

அந்த வாரம் முழுக்க இதுதான் வேலை. ஷீஜா சங்கிலியில் எதையாவது ஒளிப்பாள். நூல் சுற்றுவாள், காகிதம் செருகுவாள், ஒரு தடவை புளியங்கொட்டையை ஒட்டிக்கொண்டு வந்தாள். நான் பொருளைத் தேடுவதை விட்டுவிட்டு அவள் விரலைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஒளித்த இடம் வரும்போது எவ்வளவு கெட்டிக்காரியானாலும் விரல் சொல்பேச்சுக் கேட்காது. ஒன்று வேகமாகப் போகும், அல்லது தாவும்.

அந்தத் தாவலை எனக்கு நன்றாகத் தெரியும். என் கையே தாவியதுதானே.

பெருவிரல் தாவிய இடம்

மறுதேர்வு அன்று காலையிலிருந்தே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னல் கதவுகளை அடித்துக்கொண்டிருந்தது. துணித்திரை பறக்காமல் இருக்க அடியில் இரண்டு செங்கல் வைத்திருந்தார்கள். பிரின்சிபல் மேடம் மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டித் தொங்கவிட்டிருப்பார். அதை எடுத்துப் போட்டுக்கொண்டால் விஷயம் தீவிரம் என்று அர்த்தம். போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜெசிந்தா மேடம். மறுதேர்வு எழுதுகிறவர்களில் நான்தான் கடைசி. மற்றவர்கள் முடித்துவிட்டுச் சுவரோரம் நின்றார்கள். வேடிக்கை பார்க்க வந்த ஷீஜாவும் மற்ற பெண்களும் வாசலில் முட்டிக்கொண்டிருந்தார்கள்.

தாமரை வந்தாள். அன்றைக்கு என்னைப் பார்த்துப் பாவப்படவில்லை, நேராக நின்றாள். முடி பார்த்தேன். காது. வாய்.

கழுத்துக்கு வந்தேன். கையைக் கீழே இறக்கிக்கொண்டேன். பிரின்சிபல் மேடத்தின் பேனா நின்றது.

"உள்ளங்கையைக் காட்டுங்க" என்றேன் தாமரையிடம். "வெரல விரிங்க. இப்ப நீங்களே கயித்த வெளிய எடுங்க. ரெண்டு வெரல் மட்டும் வெச்சு, சுத்திக்கிட்டே வாங்க. மெதுவா."

தாமரைக்கு இது புதிது. ஒரு கணம் திகைத்தாள். பிறகு மஞ்சள் கயிற்றைப் பிடித்துக் கழுத்தைச் சுற்றி நகர்த்திக்கொண்டே வந்தாள். தாலி போனது. குண்டுமணிகள் போயின. பின்கழுத்து முடிச்சு மெல்ல முன்னால் வந்தது. அவள் பெருவிரல் முடிச்சுக்குக் கிட்டே வந்து, ஒரு சின்னத் தாவல் தாவி அந்தப் பக்கம் போனது.

"நில்லுங்க. முடிச்சுக்குத் திரும்பப் போங்க. அங்க என்னன்னு காட்டுங்க."

தாமரை உதட்டைக் கடித்துக்கொண்டாள். முடிச்சின்மேல் இன்னொரு மஞ்சள் நூலைச் சுற்றி, அதற்குள் பீடித்தூளை ஒரு சின்னப் பொட்டலமாக உருட்டி வைத்திருந்தாள். கஞ்சாவுக்குப் பதில் பீடித்தூள். நூலை அவிழ்த்ததும் தரையில் கொட்டியது.

வாசலில் யாரோ விசில் அடித்தார்கள். யாரென்று இன்றுவரை சொல்லமாட்டேன் என்கிறாள் ஷீஜா.

"பாடத்தில் உண்டோ?"

"நில்" என்றார் பிரின்சிபல் மேடம் மலையாளத்தில். "கழுத்தை நீ தொடவே இல்லையே. இது எந்தப் பாடத்தில் உண்டு?"

"வேதப்புத்தகப் பாடத்தில் மேடம்" என்றேன். என் மலையாளம் பெருமாட்டி மலையாளம், பாதி தமிழ். ஆனாலும் அன்றைக்கு ஒரு வார்த்தைகூடத் தடுக்கவில்லை. "பைபிளை அதன் சொந்தக்காரர் கையாலேயே புரட்டிப் பார்க்கச் சொன்னீர்கள். இந்தப் பெண்களுக்கு இந்தக் கயிறு அதைவிடக் குறைந்ததில்லை. நாம் இழுத்தால் அவர்கள் துடித்துப் போவார்கள். அந்தக் கலவரத்தில் நமக்கும் ஒன்றும் தெரியாது. அவர்களே உருவினால் அவர்கள் விரல் காட்டிக்கொடுத்துவிடும்."

அவர் ஜெசிந்தா மேடத்தைத் திரும்பிப் பார்த்தார். ஜெசிந்தா மேடம் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. எஸ்டேட் மலைபோல் உட்கார்ந்திருந்தார்.

"கொள்ளாம்" என்றார் பிரின்சிபல் மேடம். நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து எங்கள் குழு கேட்டதே இல்லை. "அடுத்த குழுவுக்கு இப்படியே சொல்லிக்கொடுக்கலாம், ஜெசிந்தா."

எனக்குக் காதில் ரத்தம் ஏறியது. தம்பி வீட்டுத் தேங்காய் அறை தூரமாகப் போய்விட்டது. அங்கேயே முடிந்திருந்தால் போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது" என்றார். "வருகிறவள் 'என் கையால் காட்டமாட்டேன்' என்று அடம்பிடித்தால்? மயக்கத்தில் இருந்தால்? தூக்குப் போட்டுக்கொள்ளப் போகிறாள், கயிற்றைக் கழற்றியாக வேண்டும் என்றால்? அப்போது என்ன செய்வாய்?"

கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. சிறை வேலை என்றால் அப்படிப்பட்ட நேரம் வராமல் போகாது. ஒரு உயிரைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில் என் கை வளைவு எடுத்துக்கொண்டு போனால், நான் எதற்கு?

"தொடுவேன் மேடம்" என்றேன்.

"செய்துகாட்டு."

அடுத்த ஆள்

தாமரை எனக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள். அவிழ்த்த நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். மஞ்சள் கயிறு அவள் புடவைமேல் கிடந்தது. நான் கையை நீட்டினேன். பாதி தூரம் போய் அது நின்றது. நின்றதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்றைக் கேட்காமல் தொட எனக்கு மனம் வரவில்லை. அவள் கழுத்து, அவள் கயிறு. வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வேண்டியவள் அவள்.

"தாமரை, நான் வீட்டுக்காரர் இல்லாதவ. உங்களுக்குத் தெரியுமில்ல?"

இத்தனை பேர் முன்னால் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று லேசானது.

தாமரை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கு இவ்வளவு நேரமும் எதற்கு இந்தப் பாடு என்று அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும்.

"அட, இதுக்குத்தானா அன்னைக்குத் தாண்டிப் போனீங்க?" என்றாள். "தெரியுமுங்க. அதுக்கென்னங்க இப்போ? எங்கூட்டுக்காரரு லாரி டயருக்குக் கீழ படுத்து எந்திரிக்கறவரு. அதுலயே ஒண்ணும் ஆகாதவருக்கு உங்க கை பட்டா ஆயிருமாக்கும்? புடிங்க சட்டுனு, எனக்குக் கேன்டீன்ல அரிசி கொதிக்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதிப்பெண் குறைந்தால் குறையட்டும்.

பிடித்தேன். கயிறு வியர்வையில் நனைந்து சூடாக இருந்தது. மஞ்சள் வாசம், தாளித்த எண்ணெய் வாசம். தாலியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். விளிம்பில் நகத்தை ஓட்டினேன். குண்டுமணிகளை ஒவ்வொன்றாக உருட்டினேன். முடிச்சை அழுத்தினேன். எந்த இடத்தையும் விடவில்லை. என் விரல் எங்கேயும் தாவவில்லை. பின்பு தோள், இடுப்பு, மடி, கால் என்று வரிசை முழுதையும் முடித்தேன்.

"சோதனை முடிந்தது, உள்ளே போகலாம்" என்று இரண்டு மொழியிலும் சொன்னேன். அந்தக் குரல் மைதானத்துக்கே கேட்டிருக்கும்.

தாமரை கயிற்றை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டு கேன்டீனைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனாள். பிரின்சிபல் மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஜெசிந்தா மேடம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கைக்குட்டையைத் தேடினார். அழுதுக்கிட்டு எங்கிட்ட வராத என்று சொன்னவர்.

எனக்கு நிறுத்த மனமில்லை. "அடுத்த ஆள் வரலாம்!" என்று கத்தினேன்.

அடுத்த ஆள் என்று யாரும் இல்லை. தேர்வு முடிந்துவிட்டது. ஆனால் வாசலில் இருந்த கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஷீஜா வந்தாள். ஒரு வாரமாக எனக்கு முன்னால் நின்று தன் சங்கிலியைத் தானே உருவிக் காட்டியவள், இப்போது இரண்டு கைகளையும் அகல நீட்டிக்கொண்டு, கழுத்தை நிமிர்த்தி, என் முன்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி.

நான் ஷீஜாவின் கொண்டையிலிருந்து ஆரம்பித்தேன்.